வெனீட்டா திருவிழாவுக்கு வாருங்கள்: ஓரிகன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன ஜூலையில் அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெனீட்டா ஊரில் நடக்கிற ஓரிகன் கண்ட்ரி ஃபேர் திருவிழாவுக்குப் போய்வந்தேன். போகும் முன் உங்களில் சிலரிடம் விசாரித்தேன், நினைவிருக்கும். "அது ஹிப்பிக் கூட்டம், ஃபேமிலியோட போற இடம் இல்ல." "கஞ்சா வாடை தாங்காது." "துணி இல்லாம திரிவாங்க, வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு எப்படிப் போவீங்க?" இப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அங்கே போனவர் இல்லை. இதே பேச்சைக் கேட்டுத்தான் நானும் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒன்பது வருஷமும் வீணாகப் போய்விட்டதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆறு மாத விசாவில் வந்திருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போலத்தான் அவரும்: காலையில் பால்கனி, மாலையில் பக்கத்துப் பார்க், நடுவில் டிவி. நாங்கள் அவரைக் கூட்டிப் போன இடங்களும் உங்களுக்குத் தெரிந்தவைதான், அருவி, கடற்கரை, காஸ்ட்கோ. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன்டி, இந்த ஊர்ல திருவிழான்னு ஒண்ணு கிடையாதா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம்தான் வெனீட்டா ஞாபகம் வந்தது.

யூஜீனுக்கு மேற்கே சுமார் 15 மைலில், லாங் டாம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த இடம். ஜூலை இரண்டாம் வாரக் கடைசியை ஒட்டி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள், காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை நடக்கும். நாங்கள் யூஜீனில் காரை விட்டுவிட்டு அங்கிருந்து விடுகிற பேருந்தில் போனோம். இறங்கியதும் ஒரே புழுதி. வாசலைத் தாண்டினால் அடுத்த நொடியே நிழல். மரங்களுக்கு இடையில் எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரே பாதை வளைந்து வளைந்து போகிறது, இரண்டு பக்கமும் கடைகள், பாதை அகலுகிற இடத்திலெல்லாம் ஒரு மேடை. மழைக்காலத்தில் ஆறு பெருகி இந்த மண் மேலேயே ஓடுமாம். கோடையில் நம் வைகை மணலில் கூட்டம் இறங்குகிற மாதிரி இவர்கள் இங்கே இறங்குகிறார்கள்.

சனிக்கிழமை மதியம், எதிரே பத்தடி உயரத்தில் இரண்டு பேர் கட்டைக்கால் கட்டிக்கொண்டு, இலை தழையெல்லாம் தைத்த உடுப்போடு கூட்டத்துக்குள் நடந்து வந்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "கோக்கலிக்கட்டைடி! எனக்குப் பத்து வயசுல பார்த்தது. எங்கய்யா தோள்ல ஒக்காந்து பார்த்தேன்" என்றார். அப்புறம் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனாரே தவிர, நான் அவரைக் கூட்டிப் போகவில்லை. பின்னாலேயே ஒரு ஊர்வலம் வந்தது, பித்தளைக் குழலும் மேளமுமாக. ஆளுக்கு ஒரு வேஷம், எது இசைக்குழு எது கூட்டம் என்று தெரியவில்லை. என் மகன் எப்போது அதில் சேர்ந்தான் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது கையில் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நடுவில் போய்க்கொண்டிருந்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகிறவர்களை நீங்கள் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். அங்கே வேடிக்கை பார்க்கிறவன் என்று தனியாக ஒருவன் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே விற்கிற கைவினைப் பொருள் எல்லாம் விற்கிறவரே செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கி விற்க முடியாது. மரக்கரண்டி செய்கிற ஒரு முதியவர் கடையில் அம்மா நின்றுவிட்டார். என் தாத்தா தச்சு வேலை செய்தவர், அதனால் அம்மா மரத்தைக் கையில் எடுத்தால் சும்மா வைக்க மாட்டார். கரண்டியின் குழியும் காம்பும் சேருகிற கழுத்தில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்துப் பார்த்தார். "ரேகை போற போக்குலயே வெட்டியிருக்காரு, இது ஒடியாது" என்று என்னிடம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெரியவர் பதில் ஏதும் சொல்லவில்லை. பாதி செய்த ஒரு கரண்டியையும் உப்புத்தாளையும் எடுத்து அம்மா கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்த மரத்துண்டைக் காட்டினார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுநடுவே அம்மா கரண்டியை நீட்டுவார், அவர் விரலால் தடவிப் பார்த்து ஒரு இடத்தைத் தட்டிக் காட்டுவார், அம்மா மறுபடி தேய்ப்பார். அமெரிக்காவில் இருந்த ஆறு மாதத்தில் என் அம்மாவிடம் யாரும் ஒரு வேலையைக் கொடுத்து "நீங்கள் செய்யுங்கள்" என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தக் கரண்டி இப்போது திருப்புவனத்தில் அவர் அடுப்படியில் இருக்கிறது.

சரி, நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூடி மறைக்கப் போவதில்லை.

கஞ்சா: உள்ளே மதுவும் கூடாது, போதைப்பொருளும் கூடாது என்பதுதான் விழாவின் விதி. ஓரிகனில் 2015 ஜூலையிலிருந்து 21 வயது நிரம்பியவர்கள் குறிப்பிட்ட அளவுக்குள் கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் பொது இடத்தில் புகைப்பது இன்றும் சட்டவிரோதம்தான். இதையும் மீறி அங்கங்கே வாடை வந்தது, உண்மை. போர்ட்லண்ட் நடைபாதையில் வருகிற அளவுதான். குடித்துவிட்டுத் தகராறு செய்த ஒருவரை நான் அன்று முழுக்கப் பார்க்கவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் சாயங்காலம் ஆனால் பெண்கள் எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று கணக்குப் போட்டே நடந்து வளர்ந்தவள் நான். அந்தக் கணக்கு இங்கே தேவைப்படவில்லை.

உடை: ஆமாம், மேலாடை இல்லாமல் உடம்பில் பூவும் கொடியுமாக வண்ணம் பூசிக்கொண்ட பெண்கள் வருகிறார்கள், ஆண்களும்தான். கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இருக்காது. என் மகளுக்குப் பதிமூன்று வயது. முதலில் கூச்சப்பட்டாள், கால் மணி நேரத்தில் மறந்துவிட்டாள். நான்தான் அம்மாவை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது: "எங்கப்பத்தா சாகுற வரைக்கும் ரவிக்கை போட்டதில்ல. வயக்காட்டுல எல்லாரும் அப்படித்தான் நின்னாங்க. யாரு என்ன பார்த்தா?" எனக்கு அம்மாவின் அப்பத்தா முகம்கூடத் தெரியாது. அவர் ரவிக்கை போட்டதில்லை என்பதை நான் கேள்விப்பட ஒரு ஹிப்பித் திருவிழா தேவைப்பட்டது.

மகளுக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். பிள்ளையார் படம் போட்ட துணியைப் பாவாடையாகக் கட்டி, நெற்றியில் மூன்று பொட்டு வைத்துக்கொண்டு ஒரு பெண் போனாள். "நான் ஸ்கூலுக்குப் பொட்டு வச்சிட்டுப் போனா சிரிக்கிறாங்க, இவங்களுக்கு மட்டும் இது டிரெஸ்ஸா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான், சமாதானம் சொல்லி அமுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்காக நாம் ஒதுங்கிப்போனால், நம்முடையது என்னவென்று அங்கே சொல்ல யாருமே இருக்க மாட்டார்கள். என் கண்ணில் பட்டவரை எங்களைப் போன்ற நிறத்தவர் மிகக் குறைவு. நீங்கள் வந்தால் என் மகள் அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்காது.

இந்த விழாவுக்கும் நம் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வந்த புதிதில் "உறைக்கு எந்தத் தயிர் நல்லா இருக்கும்" என்று நான் கேட்டபோது உங்களில் பாதிப் பேர் சொன்னது நான்சிஸ் தயிர். அதைச் செய்வது யூஜீனில் இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டு கிரீமரி. 1972-இல் அந்தப் பால்பண்ணை பணமுடையில் தள்ளாடியபோது, அதைக் காப்பாற்ற கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு ஆகஸ்ட் 27 அன்று கொளுத்துகிற வெயிலில் இதே வெனீட்டா மைதானத்தில் வாசித்தது. டிக்கெட்டை அச்சடித்தது தயிர் டப்பா லேபிளில். விழாவே 1969-இல் ஒரு சிறிய மாற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டத்தான் தொடங்கியது, அடுத்த வருஷம் வெனீட்டாவுக்கு வந்தது. 1982-இல் இந்த நிலத்தையே விழாக்காரர்கள் சொந்தமாக வாங்கினார்கள். முதலாளி என்று ஒருவர் கிடையாது. பெரும்பாலும் தொண்டர்கள்தான் வாகனம் நிறுத்துவதிலிருந்து குப்பை பிரிப்பது வரை எல்லாம் செய்கிறார்கள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷம் நின்றது, 2022-இல் மறுபடி கூடினார்கள். ஹிப்பி என்றால் வேலைவெட்டி இல்லாதவர் என்றுதானே நாம் பேசிக்கொள்கிறோம்? ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஊர்த் திருவிழாவைச் சண்டை சச்சரவோடு கட்டி இழுக்கிற ஆட்களை வேலை இல்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊரில் திருவிழா என்றாலே முதலில் தலைக்கட்டு வரிதான். வரி வாங்காத தெருவும் உண்டு. அந்தத் தெருவுக்குத் தேர் போகாது. சின்ன வயதில் அது ஏன் என்று கேட்டதற்கு எனக்கு அடி விழுந்தது. வெனீட்டாவில் எங்களை யாரும் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. இங்கேயும் உள்வட்டம், வெளிவட்டம் உண்டு. ஏழு மணி ஆனதும் தொண்டர்கள் வரிசையாக நடந்து வந்து, டிக்கெட் வாங்கி வந்த எங்களை வாசல் பக்கம் அனுப்பினார்கள். கடை போட்டவர்களும் தொண்டர்களும் மட்டும் இரவு தங்கலாம். அவ்வளவு பேர் அந்த ஆற்றங்கரையில் படுத்தால் தாங்காது, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் திரும்பிப் பார்த்தபோது விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அம்மா "இனிமேத்தான் ஆரம்பம் போல" என்றார், கொஞ்சம் வலித்தது. உள்ளே தங்க வேண்டுமானால் வேலை செய்கிறவர்களாகப் போக வேண்டும். அதற்குத்தான் இந்த மடலில் உங்களைக் கூப்பிடுகிறேன்.

நம் பிள்ளைகளில் பறை கற்றவர்கள் இருக்கிறார்கள். ஒயிலாட்டம் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பள்ளிக்கூட அரங்கத்தில் பத்து நிமிஷம், அதுவும் நமக்கு நாமே, அதோடு சரி. அந்த மரத்தடியில் ஒரு பறை ஒலித்தால் எப்படி இருக்கும் என்று நான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன். மேடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். யாராவது சேருவதாக இருந்தால் அந்த வேலையை நான் எடுத்துச் செய்கிறேன். மேடை கிடைக்காவிட்டால் குப்பை பிரிக்கிற அணியில் சேர முயல்வோம், அதுவும் எனக்குச் சம்மதம்தான்.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், விலை குறைவு இல்லை. வீட்டு நாயை விட்டுவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்குத் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அம்மாவுக்கு மூன்று மணிக்குத் தலை சுற்றியது, முதலுதவிக் கூடாரத்தில் படுக்கவைத்து ஈரத்துணி போட்டு, எழுந்து உட்காரும் வரை ஒரு பெண் பக்கத்திலேயே இருந்தாள்.

பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வீட்டிலிருந்து விறகு எடுத்துவராதீர்கள், இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆஷ் மரங்களை உள்ளிருந்து தின்று கொல்லும் பச்சை வண்டு ஓரிகனில் முதன்முதலாக 2022 ஜூனில் தென்பட்டது ஃபாரஸ்ட் குரோவில், அதாவது நம் ஹில்ஸ்பரோவுக்கு அருகில் இருக்கிற ஊரில். அது தூரம் போவது விறகோடுதான். லாங் டாம் கரையில் அந்தக் கூட்டத்துக்கே நிழல் தருகிற மரங்களில் ஆஷும் உண்டு. நம் டிக்கியில் வைத்து அதை நாமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடாது.

அந்த மண்ணையும் தோண்டாதீர்கள். அது கலபூயா என்கிற பூர்வகுடி மக்களின் நிலம். கேமஸ் கிழங்கை மண்ணுக்குள் அடுப்புக் கட்டி அவித்துச் சாப்பிட்ட மக்கள். 1855 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கிராண்ட் ரோண்டு என்கிற ஒதுக்கிடத்துக்கு விரட்டிவிட்டார்கள். கீழடிக்குப் பக்கத்து ஊர்க்காரி நான், காலுக்குக் கீழே யாருடைய அடுப்பு இருக்கிறது என்று யோசிக்காமல் எனக்கு ஒரு ஆற்றங்கரையில் நடக்க வராது.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் பேசும்போது, "அந்தக் கரண்டித் தாத்தா இந்த வருஷமும் வருவாரா, போனா நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். சொல்ல வேண்டும். ஜூலையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யூஜீன் பேருந்து நிறுத்தத்தில் நிற்போம், நானும் பிள்ளைகளும். நான்சிஸ் தயிரில் உறை ஊற்றிக் கடைந்த மோர் ஒரு பெரிய குடுவையில் கொண்டுவருகிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி