கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் அப்பாக்களின் மனநலத்தையும் விசாரிக்கக் கோரி நான்காவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: விசைத்தறித் தொழிலாளி, தண்ணீர் டேங்க் வீதி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் தங்களுக்குத் தெரியும். புதுக் கட்டிடம் திறக்க வந்தபோது தங்கள் கார் நின்ற அதே வேப்பமரத்தடியில்தான் செவ்வாய்தோறும் கணவன்மார் நாங்கள் நிற்கிறோம்.

1. மனைவி முதல்முறை உண்டாகியிருந்தபோது தறி நின்றது, கடன் ஏறியது. எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மனைவிக்கு எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். என்னை உள்ளே கூப்பிட்டது ஒரே தடவை, ஆதார் ஜெராக்ஸுக்காக.

2. இப்போது மகனுக்கு மூன்றரை வயது. அங்கன்வாடியில் பிள்ளைகளைக் கடிக்கிறான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். அடித்ததில்லை ஐயா. கத்தியிருக்கிறேன். நிறையக் கத்தியிருக்கிறேன். அவன் வயிற்றில் இருந்தபோதே ஆரம்பித்த கத்தல் அது. இப்போது சாப்பாட்டுத் தட்டை நான் நீட்டினால் வாங்க மாட்டான், அவன் அம்மா நீட்ட வேண்டும்.

3. மகனைப் பார்த்த டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். நார்வேயில் 31,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்ததாம். தாய்க்கு நாலு மாதம் இருக்கும்போது அப்பா மனம் ஒடிந்திருந்தால், பிள்ளைக்கு மூன்று வயதில் மனம், நடத்தை சார்ந்த சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தனவாம். என் மகன் அதனால்தான் இப்படி என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறேன். "ராத்திரி தூங்குறியாப்பா?" இதைக் கேட்க நிதி ஒதுக்க வேண்டுமா? டெண்டர் விட வேண்டுமா?

4. மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணு என்று மட்டும் பதில் அனுப்பிவிடாதீர்கள். நோய் என்று தெரிந்தவன்தானே போன் பண்ணுவான்? எனக்கு வந்ததைத் திமிர் என்றுதான் வீடும் ஊரும் சொன்னது. நானும் நம்பினேன்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். மனைவிக்கு மறுபடி மூன்று மாதம். எனக்கு மறுபடி அதே மரத்தடி. மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதத்தில் ஒரு செவ்வாயாவது இங்கே வந்து அப்பாக்களையும் பார்க்க உத்தரவிடுங்கள். அது முடியாவிட்டால் செவிலியர் அம்மாவை எங்களிடமும் அந்த ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நாலாவது மாதத்துக்குள் சொல்லுங்கள் ஐயா.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல் மூன்று.