சிம்பொனி மேடைய பத்தி எழுதியாச்சு, அந்த ஸ்கூல் பசங்கள பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல இளையராஜாவோட சிம்பொனி அரங்கேறுனப்ப தமிழ் பேப்பர், டிவி, வாட்ஸ்அப் குரூப்னு எங்க பாத்தாலும் அதே பேச்சுதான். ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராங்கற பேரு டீக்கடை வரைக்கும் போய் சேந்துச்சு, பெருமையாத்தான் இருந்துச்சு, அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மேடை எப்படி, முன்னால நின்னு ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் யாரு, யாரெல்லாம் வந்திருந்தாங்கன்னு பேசுன அளவுக்கு, இந்த மாதிரி ஆர்கெஸ்ட்ராவுல இருக்கறவங்க கச்சேரி இல்லாத நாள்ல என்னதான் பண்றாங்கன்னு யாரும் பேசி நான் பாக்கல. நான் குடும்பத்தோட இருக்கறது லிவர்பூல்ல. இந்த ஊர் ஆர்கெஸ்ட்ரா ஸ்கூல் பசங்களோட பண்ற வேலைய பத்தி நம்ம ஊர்ல ரொம்ப பேருக்கு தெரிஞ்சிருக்காது, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

லிவர்பூல்னா நமக்கு ஃபுட்பால், அதவிட்டா பீட்டில்ஸ். ஆனா 1840லயே ஆரம்பிச்ச பில்ஹார்மோனிக் சொசைட்டி இங்க இருக்கு, நான் சொன்ன ஆர்கெஸ்ட்ரா அவங்களோடதுதான், அவங்களுக்கு சொந்தமா ஹால் இருக்கு, பழைய ஹால் 1933ல தீப்பிடிச்சு போனதால ஹோப் ஸ்ட்ரீட்ல 1939ல புதுசா திறந்தது. ஜெர்மனியோட பேர் பெத்த பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையே நடத்துன சைமன் ராட்டில் இந்த ஊர்க்காரர்தான், சின்ன வயசுல இங்க மெர்சிசைட் யூத் ஆர்கெஸ்ட்ராவுல டிரம் வகையறா வாசிச்சவர். அந்த யூத் ஆர்கெஸ்ட்ரா இப்ப பில்ஹார்மோனிக் பேர்லயே நடக்குது. நல்ல விஷயம்தான், ஆனா அதுல சேர ஆடிஷன் உண்டு, ஆடிஷன்ல நிக்கற அளவுக்கு ஒரு பிள்ளை வாசிக்கணும்னா வீட்ல காசு வேணும், வாத்தியம் வேணும், வாராவாரம் கூட்டிட்டு போய் வெளிய கார்ல உக்காந்திருக்க ஒரு அப்பாவோ அம்மாவோ வேணும். அது எல்லா வீட்லயும் இருக்கா என்ன.

நான் சொல்ல வந்தது வெஸ்ட் எவர்ட்டன் கதை. டவுன்லருந்து நடந்தே போயிரலாம், ஆனா இங்கிலாந்துலயே ரொம்ப வறுமையான ஏரியாக்கள்ல ஒண்ணு. அங்க ஃபெய்த் பிரைமரி ஸ்கூல்னு சின்னதா ஒரு ஸ்கூல், 2009ல பில்ஹார்மோனிக் அதுக்குள்ள போனப்ப மொத்தமே 80 சொச்சம் பசங்க. 'இன் ஹார்மனி'ன்னு ஒரு கவர்மென்ட் ஸ்கீம், லிவர்பூல், நாரிச், லண்டன்ல லாம்பெத்னு மூணு இடத்துல முதல்ல ஆரம்பிச்சாங்க, செல்லோ வாசிக்கற ஜூலியன் லாயிட் வெப்பர் முன்ன நின்னு நடத்துனார். இதுல எனக்கு பிடிச்சதே என்னன்னா, யாருக்கு திறமை இருக்குன்னு தேடவே இல்ல. டெஸ்ட் வைக்கல, பாடிக் காட்டுன்னு கேக்கல. ஸ்கூல்ல பேரு இருக்கா, அப்ப உனக்கு ஒரு வாத்தியம், அவ்ளோதான். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ், எல்லாம் ஃப்ரீ. ஸ்கூல் டைம்டேபிள்லயே கிளாஸ், ஸ்கூல் விட்டதுக்கப்புறமும் உண்டு. இத விட பெரிய கூத்து, கிளாஸ் டீச்சர்களும் பசங்களோட சேந்து வாத்தியத்த கத்துக்கிட்டாங்க. யோசிச்சு பாருங்க, காலைல கணக்கு தப்பா போட்டதுக்கு திட்டுன அதே மிஸ் மத்தியானம் பக்கத்து சேர்ல உக்காந்து அவன விட மோசமா வாசிச்சா அந்த பையனுக்கு எப்படி இருக்கும்.

சின்ன பசங்க ஆர்கெஸ்ட்ராவ பக்கத்துல இருந்து பாத்தாதான் அதுல இருக்கற சூட்சுமம் புரியும். அஞ்சாறு வயசு பிள்ளைக்கு பெரிய வயலின் கைக்கு எட்டாது, அதுக்குன்னு எட்டுல ஒரு பங்கு, கால், அரை, முக்கால்னு சைஸ் சைஸா இருக்கு, பிள்ளை வளர வளர மாத்திக்கிட்டே போகணும், வீட்ல வாங்கறதுன்னா யாருக்கு கட்டும். விரல் வைக்கற இடத்துல கலர் டேப் ஒட்டியிருப்பாங்க. வில்லுக்கு ரோசின்னு ஒரு பிசின் கட்டிய தேய்க்கறேன்னு சட்டை பூரா வெள்ளைப் பொடி. வில்ல ஒழுங்கா பிடிக்கவே மாசக்கணக்குல ஆகும், கட்டைவிரல் மடங்கணும், சுண்டுவிரல் மேல நிக்கணும், பசங்க கத்தி பிடிக்கற மாதிரி இறுக்கி பிடிக்கும். இப்படி இருக்கற பசங்கள வச்சு எப்படி ஆர்கெஸ்ட்ரான்னு கேப்பீங்க. அங்கதான் விஷயமே. ஒரே பாட்டுக்கு நாலு விதமா பார்ட் எழுதுவாங்க. புதுசா வந்த பிள்ளைக்கு விரலே வைக்க வேண்டாத ஒரே ஒரு கம்பி, தாளத்துக்கு இழுத்தா போதும். அடுத்த செட்டுக்கு ரெண்டு மூணு ஸ்வரம். மெலடி பெரிய பசங்ககிட்ட. நடுவுல நடுவுல ஆர்கெஸ்ட்ராவோட நிஜ மெம்பர்ஸ் அதே ஸ்டாண்டுல நோட்ஸ் வச்சு பக்கத்துல உக்காந்து வாசிப்பாங்க. அந்த ஒத்தக் கம்பி பிள்ளைக்கு தான் ஒரு முழு பாட்டுக்குள்ள இருக்கோம்னு முதல் வாரத்துலயே தெரிஞ்சுரும். நம்ம ஊர்ல சரளி, ஜண்டைன்னு முடிச்சு ஒரு கீர்த்தனைக்கு வர்றதுக்குள்ள பாதி பிள்ளைங்க நின்னுரும், நின்ன பிள்ளைக்கு ‘சங்கீதம் வரல’ன்னு பேரு வேற.

இந்த ஐடியா இங்கிலாந்துல முளைச்சது இல்ல. வெனிசுலாவுல ஹோசே அந்தோனியோ அப்ரேயுன்னு ஒருத்தர், பொருளாதாரம் படிச்சவர், 1975ல காரகஸ்ல ஒரு கராஜ்ல 11 பசங்கள வச்சு ரிகர்சல் ஆரம்பிச்சார், அதுதான் எல் சிஸ்டமா, பின்னால லட்சக்கணக்கான பசங்களுக்கு போச்சு. அங்க ரொம்ப சின்ன பசங்களுக்கு பேப்பர்ல, அட்டைல வயலின் செஞ்சு குடுப்பாங்க, பெத்தவங்களே உக்காந்து செய்வாங்க, சத்தமே வராத அந்த வயலினோட உக்கார, நிக்க, வில்ல பிடிக்க பழகுன பிறகுதான் நிஜ வயலின். அந்த எல் சிஸ்டமாவுல வயலின் கத்துக்கிட்டு வந்த டொமிங்கோ ஹிண்டோயான்தான் 2021ல இந்த லிவர்பூல் ஆர்கெஸ்ட்ராவுக்கு சீஃப் கண்டக்டரா வந்தார். காரகஸ்ல ஆரம்பிச்ச ஒரு விஷயத்த பாத்து லிவர்பூல்ல ஸ்கூல்ல பண்றாங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சு அங்க கத்துக்கிட்ட ஆளே இங்க கண்டக்டரா வந்து நிக்கறார், சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

ரிகர்சலுக்கு, பசங்களோட கிளாஸுக்குன்னு அந்த ஏரியாவுலயே மூடிக்கிடந்த ஒரு பழைய கத்தோலிக்க சர்ச்ச எடுத்து ரெடி பண்ணி 'தி ஃப்ரையரி'ன்னு வச்சிருக்காங்க. இது ரொம்ப பெரிய விஷயம். பசங்க டவுனுக்கு போய் ஆர்கெஸ்ட்ராவ பாக்கறது வேற, உங்க தெருவுக்கே ஆர்கெஸ்ட்ரா வந்து ரிகர்சல் பண்றது வேற. மளிகை வாங்க போற வழியில டபுள் பாஸ தூக்கிட்டு ஒருத்தர் நடந்து போவார். இதே ஆர்கெஸ்ட்ராக்காரங்க 2008லருந்து மெர்சி கேர்ங்கற அமைப்போட என்எச்எஸ் (இங்க அரசு மருத்துவ சேவை) மனநல ஆஸ்பத்திரிகள்லயும் போய் வாசிக்கறாங்க, அதப் பத்தி தனியா ஒரு லெட்டர் எழுதலாம்.

இதெல்லாம் படிச்சுட்டு ‘மியூசிக் கத்துக்கிட்டா கணக்குல நூறு வாங்குவாங்க’ன்னு யாராவது கெளம்பிராதீங்க, அந்த பேச்சு எனக்கு பிடிக்கவே பிடிக்காது. இந்த ஸ்கீம் அப்புறம் லீட்ஸ், நாட்டிங்ஹாம், நியூகாசில், ஸ்டோக்னு வேற ஊர்களுக்கும் போச்சு, இங்கிலாந்து அளவுல ஆய்வும் பண்ணாங்க. பசங்க சந்தோஷமா இருக்காங்க, தன்னம்பிக்கை வருது, கூட்டா வேலை செய்யறாங்கன்னு தெரிஞ்சுது, ஆனா மத்த ஸ்கூலோட ஒப்பிட்டா மார்க்லயும் அட்டெண்டன்ஸ்லயும் பெருசா வித்தியாசம் காட்ட முடியல. என்னைய கேட்டா அந்த சந்தோஷமும் தன்னம்பிக்கையுமே போதும். ஃபுட்பால் ஆடுற பையன்கிட்ட உன் கெமிஸ்ட்ரி மார்க் ஏறுச்சான்னு கேக்கறோமா? பாட்ட மட்டும் ஏன் மார்க்குக்கு டியூஷன் மாதிரி பாக்கணும். அப்படி சொல்லி காசு வாங்குனா நாளைக்கு மார்க் ஏறலன்னு காசை நிறுத்திருவாங்க, அந்த ஆபத்தும் இருக்கு. காசு விஷயத்துல இந்த ஸ்கீமும் கவர்மென்ட், கலைக்கு அரசு காச பிரிச்சு குடுக்கற ஆர்ட்ஸ் கவுன்சில், இவங்க தயவுலதான் ஓடுது, அத மறைக்க வேண்டியதில்ல. ஆர்கெஸ்ட்ராவுக்கும் இதுல ஆதாயம் இருக்கு, இது முழுக்க தர்ம காரியம் இல்ல, மக்கள் வரிப்பணம் வாங்கறவங்க மக்களுக்கு என்ன செஞ்சோம்னு கணக்கு காட்டணும், ஹால்ல உக்காந்திருக்கறவங்க தலை எல்லாம் நரைச்சுக்கிட்டே போகுது, நாளைக்கு டிக்கெட் வாங்க ஆளு வேணும். இருக்கட்டுமே, அந்த பிள்ளை கைல வயலின் இருக்குல்ல.

இங்க இருக்கற நம்ம ஆளுங்கள பத்தி சொல்லாம விட்டா மனசு ஆறாது. பிள்ளை வயலின் கத்துக்குதுன்னு சொன்னா அடுத்த கேள்வி ‘எந்த கிரேடு?’, அதாவது ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் இருக்கற மியூசிக் பரீட்சைல எது முடிச்சுதுன்னு. கிரேடு ஆறுலருந்து யூனிவர்சிட்டி அப்ளிகேஷனுக்கு பாயிண்ட் வரும்னு தெரிஞ்சதுலருந்து பரீட்சை மேல பரீட்சை, கிரேடு எட்டு முடிஞ்ச மறுநாள் வயலின் பெட்டி பீரோ மேல ஏறிரும், அப்புறம் எறங்கவே எறங்காது. நம்ம ஊர் டிவிய போட்டா ஏழு வயசு பிள்ளைய மேடைல நிக்க வச்சு எலிமினேஷன், பின்னால சோக மியூசிக், ஜட்ஜ் கண்ண தொடைக்கறார். பாட்டுன்னா ஒருத்தன் ஜெயிக்கணும் மிச்ச பேரு வீட்டுக்கு போகணும்னு எப்படியோ நம்ம மண்டைல ஏறிருச்சு. ஆர்கெஸ்ட்ராவுல யாரும் எலிமினேட் ஆக முடியாது, ஒரு செல்லோ வரலன்னா எல்லாருக்கும்தான் நஷ்டம்.

நம்ம சங்கீதத்துக்கு இது ஒத்து வருமான்னு கேட்டா, வரும். இதே லிவர்பூல்ல மிலாப்னு ஒரு இந்தியக் கலை அமைப்பு இருக்கு, அவங்க 'சம்யோ'ன்னு இந்திய இசைக்கு பிரிட்டன் அளவுல ஒரு யூத் ஆர்கெஸ்ட்ராவே நடத்துனாங்க. தரைல சம்மணம் போட்டு கர்நாடக வயலின், பக்கத்துல சிதார், தபலா, மிருதங்கம், எல்லாம் டீன் ஏஜ் பசங்க. அதுவும் ஆடிஷன் வச்சு எடுக்கறதுதான், ஏற்கெனவே குருகிட்ட கத்துக்கிட்ட பசங்களுக்குத்தான். ஆனா கர்நாடக சங்கீதத்த இத்தன பசங்க சேந்து உக்காந்து வாசிக்க முடியும்னு அதுல தெரியுதே.

இப்ப உங்ககிட்ட கேக்க வந்த விஷயம். தமிழ்நாட்டுல கலை பண்பாட்டுத் துறை கீழ 17 மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம்னு மூணு வருஷ சர்டிபிகேட் கோர்ஸ், பன்னெண்டு வயசுலருந்து சேரலாம், ஃபீஸும் கம்மி. உள்ளூர்ல இருக்கற நெறைய பேருக்கே அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. வாத்தியார் இருக்காங்க, கட்டிடம் இருக்கு, வாத்தியம் இருக்கு, ஆனா பிள்ளைதான் தேடிக்கிட்டு வரணும், அதுவும் பன்னெண்டு வயசு ஆன பிறகு. வெஸ்ட் எவர்ட்டன்ல நாலஞ்சு வயசுலயே கைல குடுத்துட்டாங்க. ஒவ்வொரு இசைப்பள்ளியும் பக்கத்துல ஒரே ஒரு அரசு தொடக்கப்பள்ளிய எடுத்துக்கிட்டு, வாரத்துல ரெண்டு நாள் அங்க போய், ஒண்ணாம் கிளாஸ்லருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் மொத்த பசங்களுக்கும், டீச்சரையும் சேத்து உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா என்ன? தவில்ல ஒரு ஆதி தாளம், தேவாரத்துல ஒரு பதிகம், அதுக்கு மேல ரெண்டு வயலின். சென்னைல ஏ.ஆர்.ரகுமானோட கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரில சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரான்னு வசதியில்லாத பசங்களுக்கு ஃப்ரீயா சொல்லித் தர்றாங்க, அதனால நம்ம ஊர்ல நடக்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஒரு தனி மனுஷர் எத்தனை ஊருக்குத்தான் பண்ணுவார், திருவாரூருக்கும் ராமநாதபுரத்துக்கும் கவர்மென்ட்தான் வரணும்.

சிம்பொனிக்கு லண்டனுக்கு ரிப்போர்ட்டர் அனுப்பற பத்திரிகைகள் இந்த 17 பள்ளிக்கும் ஒரு ரவுண்டு அனுப்பலாம். எத்தனை வாத்தியார் போஸ்ட் காலியா கெடக்கு, எத்தனை பசங்க சேர்றாங்க, எத்தனை பேர் மூணு வருஷம் முடிக்கறாங்க, பக்கத்து தொடக்கப்பள்ளிக்கு போய் சொல்லித் தர வாத்தியார்களுக்கு விருப்பமா, அதுக்கு துறை ஆர்டர் போடுமா, இத மட்டும் கேட்டு வாங்கி போடுங்க. அடுத்த அட்மிஷனுக்கு முன்னாடியே வந்தா ரொம்ப உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லிவர்பூல்