சஹ்யாத்ரிக்கு ஆள் சேர்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

மும்பைப் பக்கம் செம்பூரிலும் தாராவியிலும் டோம்பிவிலியிலும் எங்கள் முலுண்டிலும் இருந்துகொண்டு, மழை தொடங்கியதும் மலையேற்றத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் நீங்கள். உங்களில் சிலரை அரைக்கால் சட்டை வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு முதுகுப் பையோடு கசாரா லோக்கல் ரயிலில் நீங்கள் ஏறுவதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். நானும் 22 ஆண்டுகளாக இந்த சஹ்யாத்ரியில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியில், நடக்கிறவள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள்.

சென்ற ஜூலையில், பணம் கட்டி ஒரு குழுவோடு ஹரிஹர் கோட்டைக்குப் போனேன். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு பஸ்களில் 84 பேர், வழிகாட்டிகள் மூவர். அந்த மூவரில் ஒருவர் அன்றுதான் அந்தக் கோட்டையை முதன்முதலாகப் பார்க்கிறார். ஹரிஹரின் படிகளை நீங்கள் அறிவீர்கள். பாறையில் வெட்டிய, ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய, சுவர்போல் நிமிர்ந்த படிகள். விரல் நுழைத்துப் பிடிக்க இரு பக்கமும் குழிகள். ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கும்வரை இறங்குகிறவர்கள் மேலே காத்திருக்க வேண்டும். அன்று யாரும் காத்திருக்கவில்லை. பாதி வழியில் இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டு நின்றன. மழை விடாமல் கொட்டியது, படிகள் வாய்க்காலாகிவிட்டன. எனக்கு மேல் நின்ற பெண்ணின் முழங்கால் என் முகத்துக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் வழுக்கினால் நானும் எனக்குக் கீழே உள்ள இருபது பேரும் போயிருப்போம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். கடைசியில், மேலே எலுமிச்சைச் சாறு விற்க வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் மராத்தியில் அதட்டி, இறங்க வந்தவர்களைப் பின்னுக்கு நகர்த்தி, எங்களை ஒவ்வொருவராக மேலே இழுத்துவிட்டார். அவருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நன்றி சொல்லக்கூட அந்த மூவருக்கும் தோன்றவில்லை.

அன்று உயிர்ச்சேதம் இல்லை. அதனால் அது செய்தியாகவும் இல்லை.

இந்த மலை எதனால் ஆனது என்பதை உங்களோடு வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்வதுண்டா? சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கின் மேல் அடுக்காக உறைந்து கிடக்கிறது. இன்று தேய்ந்து எஞ்சியதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். இறுகிய அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. துளைகள் நிறைந்த மென்மையான அடுக்குகள் கரைந்து சரிவாகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மலை படிக்கட்டு மாதிரி தெரிவது அதனால்தான். இந்தப் பாறை அடுக்குகளுக்கு வழங்கும் தக்காண 'ட்ராப்' என்ற பெயரே படியைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மழைக்காலத்தில் கரும்பாறை பாசி பிடிக்கிறது. சரிவில் உள்ள மண் நீரைக் குடித்துக் கனத்துப்போகிறது. ஒற்றையடிப் பாதையில் பத்துப் பேர் போனால் பாதை பாதையாகவே இருக்கும். நூறு பேர் போனால் சேறாகும். சேற்றுக்குப் பயந்தவர்கள் பக்கத்தில் மிதித்துப் புதுப் பாதை போடுவார்கள். அங்கே மண்ணைப் பிடித்து நிற்கும் கர்வி புதர்கள் நசுங்கும். கர்வி நம் குறிஞ்சியின் தங்கை, தெரியுமா? ஒரே பேரினம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், கர்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை. போரிவலியின் தேசியப் பூங்காவில் 2016இல் பூத்ததைப் பார்த்தேன், 2024இலும் பார்த்தேன். குறிஞ்சி நிலத்தைப் பாடி வளர்ந்த மொழிக்காரர்கள் நாம், அந்தச் செடியை மிதித்து ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மண் கனத்தால் என்ன ஆகும் என்பதற்கு இர்ஷால்வாடி போதும். இர்ஷால்கட் கோட்டை ஏறியவர்கள் எல்லாரும் அந்தத் தாகர் பழங்குடிச் சிற்றூர் வழியாகத்தான் போயிருப்பீர்கள். அங்கே கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் சாப்பிட்டிருப்பீர்கள். 2023 ஜூலை 19 இரவு மலை சரிந்து அந்த ஊரை மூடியது. 27 உடல்களை எடுத்தார்கள். அதற்கு மேல் தோண்ட முடியாமல் பலரை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவுக்குக் காரணம் மழை, நீங்கள் அல்ல. ஆனால் அப்படிப்பட்ட சரிவுகளுக்கு அடியில்தான் 84 பேரை நிறுத்தி நீங்கள் படம் எடுக்கிறீர்கள்.

குரங்கணியை நாம் மறக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைப் பறிகொடுத்தோம். பின்னர் தமிழ்நாட்டு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த ஏற்பாடு அது. இங்கே அப்படி ஒரு நாளுக்காக நாம் காத்திருக்க வேண்டுமா? மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகங்கள் தடை போடும்போது நீங்கள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. உங்கள் கூட்டத்தைப் பார்த்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

மே கடைசியில் பண்டார்தரா பக்கம் நீங்கள் நடத்தும் மின்மினிப் பயணங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ள மின்மினிக்கு இருப்பது அந்தச் சிறு ஒளி ஒன்றுதான். நாற்பது டார்ச்சுகளுக்கு நடுவே அது என்ன செய்யும்?

ஆள் குறைந்தால் கட்டணம் கூடும் என்பீர்கள். கூடட்டும். முந்நூறு, நானூறு ரூபாய் அதிகம் கேளுங்கள். நான் தருகிறேன், என்னைப் போன்றவர்களும் தருவார்கள். அந்தப் பணத்தில் ஊரிலிருந்து ஒருவரை வழிகாட்டியாக வையுங்கள், எலுமிச்சைச் சாறு விற்ற அந்த மனிதரைப் போன்ற ஒருவரை. எந்தப் பாறை எந்த வாரம் வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஞாயிறு யார் எந்தக் கோட்டைக்குப் போவது என்று உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஹரிஹருக்கும் கல்சுபாய் சிகரத்துக்குமே போக வேண்டியதில்லை, நூற்றுக்கணக்கான கோட்டைகள் இருக்கின்றன.

இந்த ஜூலையில் உங்களில் ஒருவரோடு வரப் பெயர் கொடுப்பேன். பட்டியலில் நான் பதினாறாவது ஆளாக இருந்தால், அத்தை என்று பார்க்காமல் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முலுண்டிலிருந்து உங்கள் அத்தை ஒருத்தி