ஜாக்கி உட்காருவதில்லை

ஆசிரியருக்கு,

குதிரைப் பந்தயம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, குதிரையின் வம்சாவளி, தீனி, பயிற்சி எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருந்தது. ஜாக்கிக்குக் கிடைத்தது ஒரே வரி: எடை குறைந்தவர், மேலே உட்கார்ந்து சாட்டையால் விரட்டுபவர். கூடவே வந்த படத்திலும் அவர் சேணத்தில் நிமிர்ந்துதான் அமர்ந்திருக்கிறார். அது ஓட்டம் முடிந்து திரும்பும்போது எடுத்த படம்.

ஓட்டத்தில் ஜாக்கி உட்காருவதே இல்லை. அங்கவடியைக் குட்டையாக ஏற்றி, முன்பாதத்தை அதில் ஊன்றி, முழங்காலை மடக்கி, இடுப்பைச் சேணத்துக்கு மேலே தூக்கியே வைத்திருப்பார். ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரையின் முதுகு ஏறி இறங்கும், முன்னும் பின்னும் அசையும். அதை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்வதால் அவர் உடல் அதிகம் குலுங்காமல் செல்கிறது. எடையைக் குதிரை சுமந்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அதைப் பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வேலை அதற்கு மிச்சம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் குனிந்த நிலை பரவியபோது பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்ததாக, 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. மிச்சமான அந்த உழைப்பு ஜாக்கியின் தொடைக்கு மாறுகிறது.

அடுத்தது கை. கேட் திறந்ததும் குதிரை பின்னங்காலை உந்திப் பாயும். அப்போது ஜாக்கி பின்னால் சாய்ந்து கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினால், வாயில் கடிவாளம் இடித்து அது தலையைத் தூக்கிவிடும், தொடக்கமே போயிற்று. அதனால்தான் பலர் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடிப்பார்கள். முன்னே பாயத் துடிக்கும் குதிரையை இழுத்து அடக்கவும் முடியாது, இழுக்க இழுக்க அது இன்னும் முண்டும். இரண்டு வாரையும் குறுக்காகப் பிடித்துக் கழுத்தின்மேல் அழுத்திவிட்டால் குதிரை தன் கழுத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இன்னொரு குதிரையின் பின்னால் கொண்டுபோய் ஒளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அங்கேதான் ஆபத்தும். முன்னால் போவது திடீரென உள்ளே ஒதுங்கினால் அதன் பின்குளம்பில் நம் குதிரையின் முன்னங்கால் தட்டும். அதன்பின் விழாமல் தப்புவது அதிர்ஷ்டம். தெறிக்கும் சேறு தனி. மூன்று நான்கு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அழுக்கானதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டே ஓட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே தலைக்குள் ஒரு கடிகாரமும் ஓட வேண்டும். ஒரு பர்லாங் 201 மீட்டர். அதைக் கடக்கச் சுமார் 12, 13 வினாடி. முதல் பாதியில் பர்லாங்குக்கு ஒரு வினாடி கூடுதல் வேகம் கொடுத்தவர் கடைசி 200 மீட்டரில் அதற்கு விலை கொடுப்பார்.

சாட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2023 முதல், தடை தாண்டுதல் இல்லாத ஓட்டத்தில் 6 அடிதான் அனுமதி. அதற்குமேல் இன்னும் 4 அடித்தால் குதிரையே தகுதி இழக்கும். தாளம் தப்பி அடித்தால் குதிரை விலகி ஓடும், பாய்ச்சலின் நீளம்தான் குறையும்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டத்துக்கு முன் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். நிர்ணயித்த எடைக்குக் குறைந்தால் ஈயத் தகடு சேர்ப்பார்கள். கூடினால் நீராவி அறையில் உட்கார்ந்து வியர்வையாக வெளியேற்றுவதே பழைய வழி. வெளியேறுவது கொழுப்பல்ல, தண்ணீர். ரத்தத்தின் கன அளவு குறையும், சமநிலையும் முடிவெடுக்கும் வேகமும் மங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டத்துக்குள் ஓட்டுபவருக்கு அதைவிடக் கெடுதல் எது? ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தால் எலும்பும் மெலியும், விழும் தொழிலில். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், எடை சரியில்லை என்று ஓர் ஓட்டத்தை விடுவது வருமானத்தை விடுவது.

நீராவி அறைகளை மூடினால் மட்டும் போதாது; குறைந்தபட்ச எடையை உயர்த்த வேண்டும். குதிரையின் கால் தாங்காது என்று மறுப்பவர்கள், அதே குதிரையைக் காலைப் பயிற்சியில் ஓட்டுபவர்களின் எடையைப் பார்க்கட்டும். அவர்களில் பெரும்பாலோர் ஜாக்கியைவிடக் கனமானவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்