சும்மா வரும் ஆட்டக்காரருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒப்பந்தம் முடிந்து நிற்கும் பெரிய பெயருள்ள வெளிநாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரைப் பினாங்கு காற்பந்து அணி எப்பாடுபட்டாவது கூட்டிவர வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய அணிக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை ஒரு சென்கூடக் கிடையாதாம். என் மைத்துனர் மகனும் நாசி கண்டார் கடையில் இதையேதான் சொன்னான்: "ஃப்ரீதானே மாமா, எடுத்துப் போட வேண்டியதுதானே!"

தொழிற்சாலை ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா வருகிறது என்று யாராவது சொன்னால் உடனே பேனாவை எடுக்கத் தோன்றும்.

1995-இல் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கின் தீர்ப்புக்குப் பிறகுதான், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பாவில் தன் இஷ்டப்படி வேறு அணிக்குப் போக முடிந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் பழைய அணிக்குப் போகாத பணம் வேறு வழியில் வெளியே போகும்: கையெழுத்துத் தொகை, ஏஜெண்ட் கமிஷன், கூடுதல் சம்பளம். வரதட்சணையே வேண்டாம், மாப்பிள்ளைக்குக் கார் மட்டும் போதும் என்கிற கதைதான். இங்கே நிஜமாகவே காரும் கேட்பார்கள். வீட்டு வாடகை, குடும்பத்துக்கு விமான டிக்கெட் எல்லாம் தனி.

ஒரு பேச்சுக்கு மாதம் 60,000 வெள்ளி என்று வையுங்கள். அது மாதம் 6,000 வெள்ளி வாங்கும் உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பேரின் சம்பளம். கையில் பணம் குறைந்தால் யாரைக் காக்க வைப்பார்கள்? வெளிநாட்டவர் நேரே ஃபிஃபாவுக்குப் போவார். சொன்ன கெடுவுக்குள் பாக்கியைக் கட்டாத அணி புது ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யத் தடை விழும். அந்தப் பயத்தில் அவருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். உள்ளூர்ப் பையனுக்கு 'அடுத்த மாதம் பார்ப்போம்'. அவனுக்கும் வீட்டு லோன் இருக்கிறது, சேமநிதி இருக்கிறது.

நான் மிகைப்படுத்தவில்லை. நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் 2025-26 பருவத்தில் வடக்கே கெடா இல்லை, தெற்கே பேராக் இல்லை. 2007, 2008 என்று அடுத்தடுத்து லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் என மூன்று பட்டங்களையும் அள்ளிய கெடா! 2018-இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய பேராக்! இரண்டையும் கவிழ்த்தது பணப் பிரச்சினைதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பண்டாராயா ஸ்டேடியத்தில் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் பந்தை விட்டுவிட்டு நம் பக்கவாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் பாருங்கள். மேலே ஏறிப் போனவர் புழுக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார். நடுத்திடலில் பந்து பறிபோகும். பின்னால் நிற்கும் ஒருவர் எதிரே வரும் இருவரைச் சமாளிக்க வேண்டும். அந்த இடத்தில் இத்தாலியின் தற்காப்புச் சிங்கம் மால்டினியே நின்றாலும் கோல் விழும். 2021-இல் லீக்கில் மூன்றாவதாக வந்த நம் அணி, மறு ஆண்டே கடைசி இடத்தில் கிடந்தது. ஒற்றை ஆளால் ஏறியதும் இல்லை, ஒற்றை ஆளால் இறங்கியதும் இல்லை. 2014 முதல் ஒரு லீக் பட்டத்தையும் விட்டுக்கொடுக்காத ஜொகூர் டாருல் தாக்சிமோடு பணத்தில் மல்லுக்கட்டவும் நம்மால் ஆகாது.

இப்படி வந்தவர்கள் சோபித்ததே இல்லையா என்றால், உண்டு. 2001-இல் டோட்டன்ஹாமை விட்டு ஆர்சனலுக்குப் போன சோல் கேம்பெல் முதல் பருவத்திலேயே லீக், எஃப்ஏ கிண்ணம் என இரட்டைப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 26. நமக்கு அந்த வயதில் யார் வரப்போகிறார்கள்? நமக்குக் கிடைப்பது முப்பதைத் தாண்டியவர்தான். தற்காப்பு ஆட்டக்காரர்களான தியாகோ சில்வாவும் செர்ஜியோ ராமோஸும் 35 வயதில்தான் இப்படி அணி மாறினார்கள். 2020-இல் சில்வாவுக்குச் செல்சி கொடுத்தது ஓராண்டு ஒப்பந்தம், பிடித்திருந்தால் இன்னோர் ஆண்டு. அந்தப் பருவத்திலேயே சாம்பியன்ஸ் லீக் கிண்ணம் வந்தது. மறு ஆண்டு ராமோஸுக்குப் பாரிஸ் அணியான பிஎஸ்ஜி இரண்டு ஆண்டு எழுதிக் கொடுத்தது. காயத்தால் அவர் முதல் ஆட்டம் ஆடவே நவம்பர் கடைசி ஆகிவிட்டது. பிஎஸ்ஜி தாங்கும், பினாங்கு தாங்காது.

ஆகவே ஓராண்டு மட்டும் கொடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ஆடும் ஆட்டங்களோடு கட்டிப்போடுங்கள். அப்புறம், கழுத்தில் துண்டு போட்டுப் படம் எடுப்பதற்கு முன், அந்தப் பருவம் முழுமைக்கும் உள்ளூர் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் சேமநிதியையும் தனிக் கணக்கில் போட்டுவிட்டோம் என்று நிர்வாகம் அறிவிக்கட்டும்.

அதைச் செய்துவிட்டு யாரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள், பாலம் தாண்டி வந்து கைதட்டுகிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், பத்து காவான் ஸ்டேடியத்தில் ஆட்டம் வைத்தால் இன்னும் நல்லது, எனக்குப் பெட்ரோல் மிச்சம்.

இப்படிக்கு,
பழைய காற்பந்து ரசிகன்,
நிபோங் திபால், பினாங்கு