வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பற்றி: பிளஸ் 1, பிளஸ் 2 பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. கணக்கும் வணிகவியலும் பரவாயில்லை, இயற்பியலில் இன்னும் உழைக்க வேண்டும். கோகோ அணி நன்றாக ஆடியது, கும்மியில் பரிசு வாங்கினோம், சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போட்டாயிற்று. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மேல்நிலைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் வகுப்பாக வைத்திருக்கிறோம். இந்த மாதம் நான் உள்ளே போன ஒவ்வொரு முறையும் பாதி பெஞ்ச் காலி. மூன்று மணிக்கே கேட்டில் வண்டிகள் நிற்கின்றன. கையில் விடுப்புக் கடிதம்: காய்ச்சல், வயிற்று வலி, பாட்டிக்கு உடம்பு சரியில்லை. போகிற இடமோ நீட் கோச்சிங் சென்டர்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் கிடைக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நம்மைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இல்லை, கட்டிய பணமும் சின்னத் தொகை இல்லை, ஒரு வகுப்பு தவறினாலும் மனசு அடித்துக்கொள்ளும். "ஒரு மணி நேரம்தானே சிஸ்டர், அதில் என்ன பாடமா நடக்குது?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி இருக்கிறது. பிள்ளைகள் பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். வகுப்பில் எல்லார் முன்பும் வாசித்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன், எந்தப் பிள்ளை என்று தயவுசெய்து வீட்டில் விசாரிக்காதீர்கள். "எனக்கு டாக்டர் ஆக விருப்பம் இல்லை, இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" இது ஒன்று. "பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம் என்று பேசுகிறார்கள், நான் பி.காம். படிக்கக் கேட்டால் அம்மாவைத்தான் திட்டுவார்கள்." இது இன்னொன்று. இவற்றுக்கு எந்த கைடிலும் விடை கிடையாது. போனில் தெரியாத ஆள் போட்டோ கேட்டால் என்ன செய்வது, தோழி கையைக் கீறிக்கொள்கிறாள் என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது, இதையெல்லாம் பேசுவதற்கு இருக்கிற ஒரே நேரம் அது. 14417, 14416 என்ற இரண்டு இலவச உதவி எண்களை அங்கேதான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். முதலாவது பள்ளிக் கல்வித் துறையுடையது, இரண்டாவது மனநல ஆலோசனைக்கு. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தயக்கமும் எனக்குத் தெரியும், அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மறைக்கல்வி வகுப்பு, அதாவது கத்தோலிக்க சமயம் போதிக்கும் வகுப்பு இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி தனி நேரத்தில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

என்னை மிகவும் வருத்தியது வேறு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் கடிதம் வந்த பிள்ளையிடம், ஒரு திங்கட்கிழமை, "பாட்டி எப்படிம்மா இருக்காங்க?" என்று நிஜமான கவலையோடுதான் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், அப்புறம் அழுதாள். பாட்டி இறந்து நான்கு வருடமாகிறதாம். கடிதம் அவள் கையெழுத்தில் இருந்தது, கீழே பெற்றோர் கையொப்பம்.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் மாமன்றமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய தன் அறிக்கையில் சொன்னது. நாங்கள் உங்களுக்கு அடுத்துதான். நீங்கள் சொல்லி எழுத வைக்கிற ஒரு பொய்யை எங்கள் பத்து வகுப்புகளாலும் அழிக்க முடியாது. ஆகவே வரும் வெள்ளி முதல், கடைசிப் பாடவேளையில் கடிதத்தை மட்டும் வைத்து யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம். உண்மையான அவசரம் என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வாருங்கள், உடனே அனுப்புகிறோம். கோச்சிங்தான் காரணம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். நேரம் மாற்றித் தரும்படி அந்த சென்டருக்குப் பள்ளியின் சார்பில் நானே எழுதித் தருகிறேன்.

நீங்கள் யாரும் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்து இதைச் செய்யவில்லை. மார்ச் மாதப் பொதுத்தேர்வு, அதற்குப் பிறகு நீட், நடுவில் வீட்டுக் கடன், எத்தனை ராத்திரி தூங்காமல் இருக்கிறீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தையல் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து எந்தெந்தக் கல்லூரியில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போன அம்மாவை நான் மறக்கவில்லை. போன வாரமே வேன்காரரிடம் பேசி நேரத்தை மாற்றிய நான்கு குடும்பங்களுக்கும் என் நன்றி.

நவம்பர் முதல் சனிக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் நாள், காலை ஒன்பதரை முதல் மூன்றரை வரை. மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. தட்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். இரண்டரை மணிக்கு மேல் பெற்றோரும் வந்து உட்காரலாம், நாற்காலி போட்டு வைத்திருப்போம்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
தலைமையாசிரியை