அதிரடிப்படை எப்போது வர வேண்டும், எப்போது திரும்ப வேண்டும்?

ஆசிரியர் அவர்கட்கு,

உலக நாடுகளின் சிறப்பு அதிரடிப் பொலிஸ் பிரிவுகளைப் பற்றித் தங்கள் கடந்த வார இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். ஆயுதங்களும் பயிற்சிமுறைகளும் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால், அத்தகைய பிரிவை எந்த வேளையில் அழைக்க வேண்டும், வேலை முடிந்ததும் அது எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. 40 ஆண்டுகளாக இலங்கைப் பொலிஸ் திணைக்களத்து விசேட அதிரடிப்படையின் முகாம்களுக்கு அருகிலேயே வாழ்ந்துவரும் மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு அதுதான் முதற்கேள்வி.

1972 செப்டெம்பரில் மியூனிச் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது, அவர்களை மீட்கச் சென்றவர்கள் அவ்வேலைக்கெனப் பயிற்றப்படாத பொலிஸார். விமானத் தளத்தில் எஞ்சியிருந்த கைதிகள் 9 பேரும் உயிரிழந்தார்கள். அந்த மாதமே மேற்கு ஜேர்மனி ஜி.எஸ்.ஜி. 9 என்ற சிறப்பு அதிரடிப் பொலிஸ் பிரிவை அமைக்க முடிவெடுத்தது. 1977 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் கடத்தப்பட்டு நின்ற விமானத்துக்குள் புகுந்து பயணிகள் 86 பேரை அப்பிரிவு உயிருடன் மீட்டது. மீட்பு முடிந்ததும் அவர்கள் தங்கள் தளத்துக்குத் திரும்பினார்கள். நியூயோர்க் பொலிஸார் 1973இல் பேச்சுவார்த்தைக்கென்றே தனிப்பிரிவு அமைத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் தூக்குமுன் பேசிப் பார்க்கவும் பொலிஸாருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நமது அதிரடிப்படையின் பிறப்பு வேறு விதமானது. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து, யுத்தம் மூண்டுகொண்டிருந்த நேரத்தில் அது உருவாக்கப்பட்டது. பிரித்தானிய விசேட வான்சேவைப் படையின் முன்னாள் வீரர்களைக் கொண்ட கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம் அதற்குப் பயிற்சி அளித்தது. பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவாக இருந்தபோதிலும், கிழக்கில் அது நிலம் பிடித்து நின்ற படையாகவே செயற்பட்டது. சைக்கிளிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, தலைகுனிந்து சோதனைச்சாவடியைக் கடந்து நடந்த தலைமுறை நாங்கள். 1987 ஜனவரியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பகுதியில் அதிரடிப்படை நடத்திய சுற்றிவளைப்பில், இறால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் விளக்கேற்றி அழுகின்றன. அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இப்படை செய்யும் நல்ல வேலையை மறைக்க நான் விரும்பவில்லை. வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ யுத்தகால வெடிபொருள் வெளிப்பட்டால், அதனைச் செயலிழக்கச் செய்ய வருபவர்கள் இவர்களுடைய குண்டு செயலிழக்கும் பிரிவினரே. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்ததன் பின்னர், 26ஆம் திகதி சாய்ந்தமருதில் தாக்குதல்தாரிகளின் கூட்டாளிகள் பதுங்கியிருந்த வீட்டைச் சுற்றிவளைக்கும் ஆபத்தான வேலையில் இராணுவத்தோடு அதிரடிப்படையினரும் நின்றார்கள். ஆனால் அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது யார்? புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் சொன்ன ஊர்மக்கள். அதிரடிப்படையின் கடைசி ஒரு மணிநேர வேலைக்கு முன்னால், பயமின்றிப் பொலிஸாரிடம் வாய் திறக்கும் அயலவர் ஒருவர் தேவைப்படுகிறார். சீருடையைக் கண்டு நடுங்கும் ஊரில் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

இதனால்தான், கசிப்புக் காய்ச்சுபவரைப் பிடிக்கவும் மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தை மறிக்கவும் அதிரடிப்படையை அனுப்பும் வழக்கம் எனக்குப் பிழையாகப் படுகிறது. கசிப்பையும் களவு மணலையும் ஆதரித்து இதை எழுதவில்லை. இரண்டினாலும் சீரழிந்த குடும்பங்களை நன்கறிவேன். ஆயினும் அவை பொலிஸ் நிலையத்தின் வேலைகள். தமிழ் பேசும் உத்தியோகத்தர் போதிய அளவில் இருந்து, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கும் பொலிஸ் நிலையம் இருந்தால், பச்சை உடுப்புக்காரர் ஊருக்குள் வரவேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

பொறுப்புக்கூறலும் இத்துடன் சேர்ந்ததே. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்ட வழக்கில், அதிரடிப்படையினர் 12 பேர் உட்படச் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டனர். கே.எம்.எஸ். நிறுவனத்தினர் மீதான யுத்தக்குற்றச்சாட்டுகளை லண்டன் பொலிஸார் 2020இல் விசாரிக்கத் தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்தவர்களை அவர்களுடைய நாடு விசாரிக்கும்போது, பயிற்சி பெற்றவர்களின் செயல்களை நமது நாடு ஏன் விசாரிக்கக் கூடாது?

அதிரடிப்படை பொலிஸ் திணைக்களத்துக்குள் அடங்குவதால், அதன் உத்தியோகத்தர் மீதும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இந்தச் செய்தியே எங்கள் ஊர்களில் பலருக்குத் தெரியாது. முறைப்பாட்டை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்பதை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமெனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.